பிரெஞ்சு தெரியாத வீட்டில் பிரெஞ்சு ஹோம்வேர்க்

ஒவ்வொரு குளிர்காலத்திலும் பள்ளிக்கூடப் பதிவு நடக்கிற நாட்களில் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் மார்க்கம், ஏஜாக்ஸ், ஸ்காபரோப் பக்கத்துத் தெரிந்த ஆட்கள். பிள்ளைக்கு ஐந்து வயதாகிறது. பிரெஞ்சு இமர்ஷனில் சேர்ப்பதா, பக்கத்து ஆங்கிலப் பள்ளியிலேயே விடுவதா என்று வீட்டில் இழுபறி. பஸ் வருமா, வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று சுற்றி வளைத்து, கடைசியில் எல்லோரும் ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள்: "அக்கா, உங்களுக்கும் பிரெஞ்சு தெரியாது, அத்தானுக்கும் தெரியாது. அப்ப ஹோம்வேர்க் ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை என்பேன். வீட்டில் யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் செய்யலாம் என்ற மாதிரி ஒரு ஹோம்வேர்க் இமர்ஷன் வகுப்பிலிருந்து வந்தால், பிழை அந்த ஹோம்வேர்க்கில்தான் இருக்கிறது. இந்தப் பதில் யாரையும் திருப்திப்படுத்தியதாகத் தெரியவில்லை. "நீங்கள் லேசாச் சொல்லிப்போட்டியள்" என்று வைத்துவிடுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று நினைத்தேன்.

கனடாவுக்கு வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். இமர்ஷன் என்பது பிரெஞ்சை ஒரு பாடமாகப் படிப்பது இல்லை. கணிதம், விஞ்ஞானம், சித்திரம், ஓடிப் பிடித்து விளையாடும் நேரத்து அதட்டல் எல்லாமே பிரெஞ்சில். என் மகள் படிக்கும் யோர்க் பிராந்தியக் கல்விச் சபையில் முதலாம் வகுப்பில் தொடங்குகிறது. மூன்றாம் வகுப்பு முடியும்வரை முழு நாளும் பிரெஞ்சு. நாலாம் வகுப்பிலிருந்து பாதிக்குப் பாதி ஆங்கிலம். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் குறைந்தது 3,800 மணித்தியாலம் பிரெஞ்சில் படித்திருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ மாகாணத்தின் அளவுகோல். சாதாரண ஆங்கிலப் பள்ளியில் பிரெஞ்சை ஒரு பாடமாகப் படிக்கும் பிள்ளைக்கு அதே காலத்தில் கிடைப்பது 600 மணித்தியாலம்.

இந்த முறையை அரசாங்கம் யோசித்துக் கொண்டுவரவில்லை. மொன்றியலுக்கு எதிரே, சென் லோறன்ஸ் ஆற்றின் மறுகரையில் செயின்ட் லாம்பர்ட் என்று ஒரு சிறு நகரம். 1960களின் தொடக்கத்தில் கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் பெரும்பான்மையினர் அரசியலிலும் தொழிலிலும் தங்கள் இடத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு இனி அங்கே காலம் தள்ள முடியாது என்று செயின்ட் லாம்பர்ட்டின் ஆங்கிலக் குடும்பங்கள் சிலவற்றுக்கு விளங்கிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகளோ பள்ளியில் வருடக்கணக்கில் பிரெஞ்சு படித்தும் பக்கத்து வீட்டுக்காரரோடு நாலு வசனம் கதைக்கத் தெரியாமல் இருந்தார்கள். ஒல்கா மெலிகொஃப், மூரியல் பார்க்ஸ், வலரி நீல் என்ற மூன்று பெண்கள் முன்னுக்கு நின்று பெற்றோரைச் சேர்த்தார்கள். மக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டையும் நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டையும் தேடிப் போய் ஆலோசனை கேட்டார்கள். கல்விச் சபைக்கு அவ்வளவு விருப்பமில்லை. கடைசியில் 1965 செப்டெம்பரில், பரிசோதனை என்ற பெயரில், ஒரு பாலர் வகுப்புக்குச் சம்மதித்தார்கள். ஆசிரியை பிரெஞ்சு மட்டுமே பேசுவார். பிள்ளைகள் ஆரம்பத்தில் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லலாம். ஆங்கிலப் பாடம் இரண்டாம் வகுப்பில்தான் எட்டிப் பார்க்கும்.

என்னைத் தொலைபேசியில் அழைப்பவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் பிரெஞ்சு இல்லாத பிள்ளைகளுக்காகவே, அப்படிப்பட்ட வீடுகளின் பெற்றோரே கேட்டு வாங்கிய முறை இது. ஒரு சொல்கூடத் தெரியாமல் வரும் பிள்ளைக்கு சைகை, படம், பாட்டு, தினமும் ஒரே ஒழுங்கில் நடக்கும் காரியங்கள் என்று வகுப்புக்குள்ளேயே மொழியை ஏற்ற வேண்டியது ஆசிரியையின் வேலை. அந்தப் பாரத்தில் பாதியைப் பின்னேரம் பைக்குள் வைத்து வீட்டுக்கு அனுப்பினால் முறையின் அத்திவாரமே ஆடிவிடும்.

வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை வருடாவருடம் சோதித்து 1972இல் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்கள். பெற்றோர் அப்போது பயந்ததும் இப்போது பயப்படுவதும் ஒன்றே: ஆங்கிலம் பின்தங்கிவிடுமோ? ஆங்கில வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முதல் வருடங்களில் ஒரு பின்னடைவு இருந்தது. ஆங்கிலப் பாடம் தொடங்கிய பிறகு அது மறைந்துபோனது. அதற்குப் பின் வந்த எத்தனையோ ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன.

சரி, பையில் என்னதான் வருகிறது?

முதல் இரண்டு வருடமும் பெரும்பாலும் ஒரு மெல்லிய வாசிப்புப் புத்தகம். ஒரு பக்கத்துக்கு ஒரு வசனம், பெரிய படம். பிள்ளை உரத்து வாசிக்க வேண்டும், வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும். இங்கேதான் எங்கள் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும். தமிழ் வாசித்துப் பழகியவர்கள் எழுதியிருப்பதை எல்லாம் வாயால் சொல்லி ஆக வேண்டுமென்று நினைப்போம். பிரெஞ்சிலோ சொல்லின் வால் முக்கால்வாசி இடங்களில் ஊமை. அம்மம்மா பக்கத்திலிருந்து, ஆங்கில எழுத்துத்தானே என்ற தைரியத்தில், "கடைசியில மூண்டெழுத்தை விட்டுட்டாய் பிள்ளை" என்று திருத்த, மகள் பொறுமையாக, "அது சும்மா எழுதுறதுக்கு மட்டும் அம்மம்மா, சொல்லக் கூடாது" என்பாள். அம்மம்மா இன்றுவரை அதை நம்பவில்லை.

கேட்பவருக்குப் பிரெஞ்சு தெரியாமல் இருப்பது இந்த வேலைக்கு இடைஞ்சலே இல்லை என்பது என் அனுபவம். தெரிந்தவர் என்றால் அடிக்கு அடி திருத்துவார். தெரியாதவர் படத்தைப் பார்த்து, "இந்த நரி ஏன் அழுகுது?" என்று தமிழில் கேட்பார். பிள்ளை தமிழில் கதையைச் சொல்லும். வாசித்தது விளங்கியதா இல்லையா என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும். அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இரண்டாம் வகுப்பிலிருந்து டிக்டே. எங்கள் ஊர்ச் சொல்வதெழுதுதல்தான். திங்கட்கிழமை சொற்பட்டியல் வரும், வெள்ளிக்கிழமை வகுப்பில் ஆசிரியை சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எனக்கு இதில் அவ்வளவு மரியாதை கிடையாது. வியாழன் இரவு பாடமாக்கியது ஞாயிறு வரை தங்குவதில்லை. அதைவிட ஒரு நடைமுறைச் சிக்கல்: வீட்டில் யார் சொல்வது? நான் சொன்னால் அது பிரெஞ்சாகவே இருக்காது. நாங்கள் கண்டுபிடித்த வழி: பட்டியல் வந்த அன்றே மகள் சொற்களைத் தானே வாசித்து என் கைத்தொலைபேசியில் பதிவு செய்துவிடுவாள். பிறகு அதை ஓடவிட்டு எழுதி, பட்டியலோடு ஒப்பிட்டுத் தானே சரி பிழை போடுவாள். சந்தேகமான சொல்லை மட்டும் மடாமிடம் (ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கேட்டு வருவாள். நான் அந்த நேரத்தில் சமைத்துக்கொண்டிருக்கலாம்.

கணிதத்தாள்தான் உண்மையில் வில்லங்கம். வெறும் கூட்டல் கழித்தல் என்றால் பிரச்சினையில்லை. மூன்றாம் வகுப்பில் வசனக் கணக்கு வரத் தொடங்கும். "தோட்டத்தில் ஆறு வரிசை, வரிசைக்கு எட்டுக் கன்று, அதில் பத்துப் பட்டுப்போனது" என்பதைப் பிரெஞ்சில் வாசித்து விளங்கினால்தான் கணக்கே தொடங்கும். பல வீடுகளில் இந்த இடத்தில் கைத்தொலைபேசி வெளியே வரும். படம் பிடித்து, கூகுளிடம் கொடுத்து, ஆங்கிலத்தில் வாங்கி, பிள்ளைக்கு விளக்கி, விடையை எழுதுவித்துவிடுவார்கள். தாள் முழுக்கச் சரியாகப் போகும். பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று மடாம் அடுத்த பாடத்துக்குப் போவார். எங்கள் வீட்டில் விளங்காத கணக்கு வெற்றாகத்தான் திரும்பிப் போகும். அதன் கீழே, எந்த வசனத்தில் தடக்கியது என்று மகளே ஒரு கோடு போட்டு வைப்பாள். கணவருக்கு இதில் இன்னும் சம்மதமில்லை. வெற்றுத்தாள் போனால் பெற்றோர் அக்கறையில்லாதவர்கள் என்று நினைப்பார்கள் என்கிறார். அவர் வளர்ந்த சூழல் அப்படி.

சூழல் என்றால், நாங்கள் இருவருமே யாழ்ப்பாணத்தில் தமிழ் மொழிமூலம் படித்தவர்கள். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒன்பது வயதிலேயே ரியூசனுக்கு அனுப்பப்பட்டவர்கள். கொப்பி நிறைந்தால் படிப்பு நடக்கிறது என்று அர்த்தம். கனடா வந்த எங்கள் ஆட்கள் பெற்றோர் சந்திப்பில் முதல் கேட்பதே "ஏன் ஹோம்வேர்க் குடுக்கிறியள் இல்லை?" என்பதுதான். பள்ளி கொடுக்காவிட்டால் ஸ்காபரோவில் காசு கட்டி வாங்க இடமிருக்கிறது.

தொடக்க வகுப்புகளில் ஹோம்வேர்க்கால் என்ன பலன் என்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஹாரிஸ் கூப்பர் பல வருடங்களாகத் தொகுத்துப் பார்த்திருக்கிறார். 2006இல் அவரும் இணையாசிரியர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, ஹோம்வேர்க்குக்கும் பெறுபேற்றுக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பிலிருந்துதான் தெளிவாகத் தெரிகிறது. கீழ் வகுப்புகளில் மிகப் பலவீனம். ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2008இல் தன் கொள்கையையே மாற்றியது. பாலர் வகுப்புக்கு ஹோம்வேர்க் கிடையாது. ஆறாம் வகுப்பு வரை அது பெரும்பாலும் வாசிப்பு, விளையாட்டு, உரையாடல், குடும்பத்தோடு சமைப்பது மாதிரியான வேலைகளாக இருக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். சமைப்பது என்பதை எங்கள் வீட்டில் வாசித்துக் காட்டியபோது நடந்ததை இங்கே எழுதத் தேவையில்லை.

ஆனால் இந்த ஆய்வுகளை அப்படியே இமர்ஷன் வகுப்புக்குப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை மூன்றரை மணிக்கு வாசலைத் தாண்டினாலும் ஆங்கிலத்துக்குள்தான் நிற்கிறது. மார்க்கத்தில் என் மகள் வாசலைத் தாண்டினால் பிரெஞ்சு அத்தோடு சரி. கடையில் இல்லை, நூலகத்தில் ஒரு மூலையில் உண்டு, தொலைக்காட்சியில் தேடினால் உண்டு. கோடை விடுமுறை இரண்டு மாதத்தில் கற்றதில் கணிசம் கரைந்துபோகும். அதனால் தினமும் கொஞ்சம் உரத்து வாசிப்பதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வாசிப்பால் தீராத ஒரு குறையும் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் எழுதியவர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மெரில் ஸ்வெயின். இமர்ஷன் பிள்ளைகளுக்குக் கேட்டு விளங்குவதிலும் வாசித்து விளங்குவதிலும் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமான திறமை வந்துவிடுகிறது. பேச்சிலும் எழுத்திலும் வினைவடிவமும் பால்வேறுபாடும் வருடக்கணக்கில் பிழைத்துக்கொண்டே இருக்கின்றன. 1985இல் அவர் சொன்ன காரணம் எளிமையானது: காதால் வாங்கினால் மட்டும் போதாது, வாயால் நீட்டிச் சொல்ல நிர்ப்பந்தம் வேண்டும். முப்பது பிள்ளைகளுக்குக் கிட்ட இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை நீட்டிக் கதைக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்? 'வி' (ஆம்), 'நோன்' (இல்லை), அதற்கு மேல் இரண்டு சொல். பிள்ளைகள் தங்களுக்குள் கதைப்பதோ ஆங்கிலம்.

இதன் அளவு எனக்கு மொன்றியலில்தான் தெரிந்தது. என் அண்ணா குடும்பம் அங்கே கோட்-டே-நேஜில் இருக்கிறது. கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டப்படி குடிவரவாளர் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். எனவே அண்ணாவின் மகளுக்கு இமர்ஷன் என்று ஒன்று கிடையாது; அது வெறும் பள்ளிக்கூடம். விளையாட்டுத் திடலில் அவளோடு சண்டை பிடிக்கும் அராபியப் பிள்ளைக்கும் பிலிப்பினோப் பிள்ளைக்கும் பொதுமொழி பிரெஞ்சுதான். என் மகள் போய் நாலு வசனம் கதைத்ததும் மச்சாள்காரி கேட்டாள்: "நீ ஏன் மடாம் மாதிரிக் கதைக்கிறாய்?" முதல் நாள் இவளுக்குக் கண் கலங்கினாலும் மூன்றாம் நாள் பூங்காவில் வரிசை மாறி வந்த பொடியனை இவள் பிரெஞ்சில் ஏசுவதை நான் கேட்டேன். இலக்கணம் எப்படியோ, வசனம் நீளமாக இருந்தது. இப்போது கிழமைக்கு ஒருதரம் இருவரும் வீடியோவில் கதைக்கிறார்கள். மடாம் கொடுக்காத அந்த ஹோம்வேர்க்தான் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி.

அண்ணி படும் பாடு வேறு. அவர்களுடைய பள்ளி பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியும் என்று எடுத்துக்கொண்டு ஹோம்வேர்க் கொடுக்கிறது. நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முதலில் வரவேற்பு வகுப்பு என்று தனியாக உண்டு. அதைத் தாண்டிய பிறகு எல்லோருக்கும் ஒரே தாள். பார்க் எக்ஸ்டென்ஷன், கோட்-டே-நேஜ் மாதிரியான இடங்களில் சமூக நிலையங்கள் பள்ளி விட்ட பிறகு ஹோம்வேர்க் உதவி வகுப்பு நடத்துவது அதனால்தான். பெற்றோருக்குத் தெரியாத மொழியில் பிள்ளை படிப்பது இரண்டு நகரத்திலும் ஒன்று. பள்ளி அதை நினைவில் வைத்திருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். இமர்ஷனையும், சிறுபான்மைப் பிள்ளையைப் பெரும்பான்மை மொழிக்குள் தூக்கிப்போட்டு நீந்து என்று விடுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம் என்று ரொறன்ரோவின் ஜிம் கம்மின்ஸ் மாதிரியான கல்வி ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். தமிழ்நாட்டு இங்கிலீஷ் மீடியம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும். வீட்டில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாத பிள்ளையின் டைரியில் ஆங்கிலத்தில் ஹோம்வேர்க் எழுதி அனுப்பி, அதைச் செய்விக்கத் தெருமுனை டியூஷன் அக்காவுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாட்டை நான் மதுரையில் உறவினர் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

கம்மின்ஸ் சொல்லும் இன்னொரு விஷயம் எங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். ஒரு மொழியில் ஆழமாக விளங்கிக்கொண்டது இன்னொரு மொழிக்குக் கைமாறும். நீர் எப்படி ஆவியாகி மழையாகிறது என்று தமிழில் விளங்கின பிள்ளைக்குப் பிரெஞ்சில் புதிதாகத் தேவைப்படுவது பெயர்கள்தான். ஆகவே வீட்டில் அரைகுறைப் பிரெஞ்சும் உடைந்த ஆங்கிலமும் கதைத்து உதவி செய்வதைவிடத் தமிழில் நன்றாகக் கதைப்பதே நான் செய்யக்கூடிய உதவி. இதில் எனக்குச் சுயநலமும் உண்டு. பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம் என்று போனபின் தமிழுக்கு மிஞ்சுவது சாப்பாட்டு மேசை மட்டும். அந்த மேசையையும் ஹோம்வேர்க்குக்குக் கொடுத்துவிட முடியாது. ஒன்ராறியோ 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின் வழி வந்த தமிழ் வகுப்பு சனிக்கிழமை காலையில் இருக்கிறது, மகள் போகிறாள். அங்கேயும் ஹோம்வேர்க் உண்டு. 'ல, ள, ழ' வேறுபாட்டுப் பயிற்சித்தாளை ஒருநாளும் அவள் விருப்பத்தோடு செய்ததில்லை. அதற்காக நான் அவளைக் குறை சொல்வதும் இல்லை.

இமர்ஷனைப் பற்றி எல்லாம் நல்லதாகவே எழுதிவிட்டதுபோல இருக்கிறது. அப்படியில்லை. பிரெஞ்சு தெரிந்த ஆசிரியர்களுக்கு ஒன்ராறியோவில் பெரும் தட்டுப்பாடு. வாசிப்பில் சிரமப்படும் பிள்ளை என்றால், "ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கோ" என்பதுதான் பல இடங்களில் முதல் ஆலோசனை. அப்படிப்பட்ட பிள்ளைகள் இமர்ஷனில் இருப்பதாலேயே கூடுதலாகப் பின்தங்குவதில்லை என்று மக்கிலின் ஃப்ரெட் ஜெனெஸி ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஆனால் உதவி ஆசிரியர் ஆங்கில வகுப்பில்தான் கிடைப்பார் என்றால் தாய் தகப்பன் என்ன செய்வது? இப்படி ஒவ்வொருவராய் வெளியேற, மிஞ்சும் வகுப்பைப் பார்த்துக் "கெட்டிக்காரப் பிள்ளைகளின் வகுப்பு" என்று எங்கள் ஆட்கள் சேர்க்க ஓடுகிறார்கள். அந்தக் காரணத்துக்காகச் சேர்ப்பவர்கள் தொலைபேசியில் கேட்டால் நான் உற்சாகப்படுத்துவதில்லை.

மகள் இப்போது நாலாம் வகுப்பு. ஆங்கிலப் பாடம் தொடங்கிவிட்டது. எழுத்துக்கூட்டல் ஆரம்பத்தில் பிரெஞ்சு வாடையோடு இருந்தாலும் வாசிப்பு சில மாதங்களிலேயே பிடிபட்டுவிட்டது. ஹோம்வேர்க்கின் முகமும் மாறிவிட்டது. டிக்டே குறைந்து, புரொஜெக்ட் என்ற புதிய வினை வந்திருக்கிறது. நாலாம் வகுப்புச் சமூகக்கல்வியில் பொ.பி. 1500 வரையான பழைய சமூகங்கள் பாடம். எங்கள் பள்ளியில் அது பிரெஞ்சில். வகுப்பில் பாதிப் பேர் எகிப்தை எடுத்துக்கொள்ள, இவள் சோழரை எடுத்து வந்தாள். நூலகத்தில் பிரெஞ்சில் ஒன்றும் அகப்படவில்லை.

அகப்பட்டவர் அப்பப்பா. எழுபதுகளில் இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொலன்னறுவையில் வேலை செய்தவர். 993இல் சோழர் அனுராதபுரத்தை வீழ்த்திய பிறகு பொலன்னறுவையைத் தலைநகராக்கி ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்ததை, ஏதோ நேற்று கந்தோரில் நடந்ததுபோலச் சொன்னார். அங்கே இன்றைக்கும் நிற்கும் வானவன்மாதேவி ஈஸ்வரத்தின் விமானத்தைத் தாளில் கீறிக் காட்டினார். மதகு எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு பின்னேரம் முழுக்க வாளியும் குழாயுமாகக் குளியலறையில் விளக்கம். அவள் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் தேடிச் சரிபார்த்து, பிரெஞ்சில் எழுதினாள். மதகுக்குப் பிரெஞ்சில் என்ன என்று மடாமுக்கே உடனே வாயில் வரவில்லையாம். இருவருமாக அகராதி பார்த்திருக்கிறார்கள்.

நல்ல புள்ளிதான் வந்தது. பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் போடும் குறிகள் பல இடங்களில் விடுபட்டதற்குக் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். அப்பப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. படமும் விளக்கமும் தன்னுடையவை, இரண்டிலும் குறையில்லை, மடாமைச் சந்தித்துக் கதைக்க வேண்டும் என்று நிற்கிறார். எந்த மொழியில் கதைப்பீர்கள் மாமா என்று கேட்டேன். "அதுக்கென்ன, பேத்தி நிக்கிறாள்தானே" என்கிறார். பெற்றோர் சந்திப்பு அடுத்த வியாழக்கிழமை.